இருக்கிறன் எண்டு சொல்லோணும்

உதில இருங்கோ தங்கச்சி, இடம் கிடக்கு. பையை என்ர காலடியில தள்ளிவிடுங்கோ. வவுனியாவுக்குத்தானே? நாங்களும் அங்கதான். பஸ் முன் சீற்றில சன்னலோட சாஞ்சு இருக்கிறாவே, வெள்ளைச் சீலை, அவ என்ர மாமி. புருசன்ர தாய். அவவுக்குக் கண் மங்கிப்போச்சு, பெரியாஸ்பத்திரியில காட்டப் போறம். நாங்கள் என்ன கதைச்சாலும் பயமில்லை, அவவுக்குக் காதும் கேக்காது.

என்ன, என்ர நெத்தியையும் மடியையும் மாறி மாறிப் பாக்கிறியள்? கேளுங்கோவன். எல்லாரும்தான் பாக்கினம். மடியில வேதப்புத்தகம், பைபிள்தான், நெத்தியில இவ்வளவு பெரிய குங்குமப் பொட்டு. சைவச் சனம், "உவள் வேதத்துக்குப் போனவள், உவளுக்கென்ன பொட்டு" எண்டு கேக்கும். எங்கட சபைச் சனம், "ரட்சிக்கப்பட்டவளுக்கு என்ன பொட்டு" எண்டு கேக்கும். எங்கட சபையில பொட்டு, நகை ஒண்டும் கூடாது தங்கச்சி. அப்பிடிக் கேக்கிறவையில எனக்குக் கோவம் வாறேல்லை. நான் கோவக்காரி இல்லை. கேட்டவையோட பிறகு கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்.

சொல்லுறன். வவுனியா போய்ச்சேர நேரம் கிடக்குத்தானே.

கடைசிச் சண்டை நேரம் நாங்கள் விசுவமடுவில இருந்து வெளிக்கிட்டனாங்கள். நானும் இவரும் மாமியும் மட்டும்தான், எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இடம் மாறி மாறி ஓடி, கடைசியா நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில கிடந்த மணல்துண்டுக்கு வந்தம். நந்திக்கடல் எண்டு பேர்தான் கடல், அது களப்பு, ஆழமில்லாத உப்புத்தண்ணி ஏரி மாதிரி. களப்புக்கு அங்கால ஆமி, இங்கால இயக்கம், நடுவில நாங்கள் எலி மாதிரிக் குழி தோண்டிக்கொண்டு இருந்தம். மணல் தோண்டத் தோண்டச் சரியும். சீலையளைக் கிழிச்சு மண்மூட்டை தைச்சு அடுக்கித்தான் பங்கர் நிண்டது.

வந்த கொஞ்ச நாளில சாப்பாடு முடிஞ்சுது. தேவிபுரத்தில நாங்கள் நெல்லு நிலத்துக்குள்ள தாட்டு வைச்சிருந்தனாங்கள். அதை எடுத்துவர எண்டு இவர் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, "மத்தியானத்துக்கிடையில வந்திடுவன், அம்மாவைப் பார்" எண்டார். நான் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தன், நிமிந்துகூடப் பாக்கேல்லை. அவர் போன பின்னேரம் ஆமி அந்தப் பாதையை மூடிப்போட்டான். அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். செய்தி ஒண்டும் இல்லை. அந்தப் பக்கம் அகப்பட்ட சனத்தை முகாமில வைச்சிருக்கிறாங்களாம் எண்டு ஒராள் சொல்லும், இன்னொராள் வேறமாதிரிச் சொல்லும். நான் முதல் ஆள் சொன்னதைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

மாமியும் அப்பிடித்தான். காலமை விடிஞ்ச உடன மனிசி முதல் செய்யிற வேலை, உடைஞ்ச கண்ணாடித் துண்டை எடுத்து எனக்கு முன்னால பிடிக்கிறது. குங்கும டப்பி அவவின்ர சீலைத் தலைப்பில முடிஞ்சு கிடக்கும். ஆனால் குங்குமத்தைத் தொடமாட்டா. மாமா செத்து இருவது வருசத்துக்கு மேல, தாலியறுத்தவ தொடக்கூடாது எண்டு அவவுக்கு. டப்பியைத் திறந்து நீட்டுவா, நான் தொட்டு வைப்பன். வைச்சாப் பிறகு வடிவாப் பாத்திட்டுத்தான் கண்ணாடியைக் கீழ வைப்பா. என்ர நெத்தியிலதான் அவவின்ர மோன்ர உயிர் இருக்குது எண்ட மாதிரி. குளிக்கத் தண்ணி இல்லை, குடிக்கத் தண்ணி இல்லை, ஆனா பொட்டு இருந்தது.

பக்கத்துப் பங்கரில ஒரு பாஸ்டரும் மனிசியும். பாஸ்டரின்ர பேர் ஜெபநேசன். அமைதியான ஆள். மனிசிதான் கதை. தபித்தாள் எண்டு பேர். என்ர வாயில நுழையாத பேர் எண்டு நான் பாஸ்டரம்மா எண்டுதான் கூப்பிடுறது. எல்லாரும் அப்பிடித்தான்.

அவவுக்கு ஒரு பழக்கம். ஷெல்லடி ஓய்ஞ்ச உடன பங்கருக்கு மேல தலையை நீட்டி, சுத்திவர இருக்கிற ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. "குகதாசன்!" எண்டுவா. அங்கால இருந்து "இருக்கிறன்" எண்டு வரும். "ஸ்தோத்திரம்" எண்டுவா. "நேசமலர்!" "இருக்கிறன் அம்மா." "ஸ்தோத்திரம்." இப்பிடியே ஒவ்வொரு பங்கராய். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி ஸ்தோத்திரம், மொத்தமாச் சொல்லமாட்டா. நாங்கள் சைவச் சனம், எங்களையும் விடேல்லை. "யோகம்!" நான்தான் யோகம். "வள்ளிப்பிள்ளையம்மா!" அது மாமி.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. தலைக்கு மேல சாவு போய்க்கொண்டிருக்கு, உவவுக்கு ஸ்தோத்திரம். ஒருநாள் கத்திப்போட்டன். "பாஸ்டரம்மா, அந்தக் கஞ்சிக் கொட்டிலடியில பிணம் கிடக்கு, இன்னும் எடுக்கேல்லை. நீங்கள் ஆருக்கு, என்னத்துக்கு நன்றி சொல்லுறியள்?" எண்டு கேட்டன். அவ கோவிக்கேல்லை. "கிடக்கிறவைக்கு அழுதுபோட்டன் பிள்ளை. இருக்கிற உனக்காகவும் ஆரும் ஒரு சொல்லுச் சொல்லோணுமே" எண்டா. பிறகு, "உன்ர மனிசன்ர பேரென்ன, அவரையும் கூப்பிடுறன்" எண்டா.

நான் சொல்லேல்லை. நான் இவற்ற பேரை வாயால சொன்னதில்லை தங்கச்சி, எங்கட பக்கம் அப்பிடித்தான் வளத்தவை. மாமிதான் உள்ளுக்கிருந்து, "தவராசா!" எண்டு கத்தினா. அண்டையில இருந்து பாஸ்டரம்மா எல்லாப் பேரும் முடிஞ்சு கடைசியா "தவராசா!" எண்டு கூப்பிடுவா. எங்கட பங்கருக்குள்ள இருந்து மாமி "இருக்கிறான்!" எண்டு பதில் சொல்லுவா. ஷெல் சத்தத்தை விடப் பெரிசாச் சொல்லுவா. அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம். அதுக்குப் பிறகு மாமிக்குப் பாஸ்டரம்மாவில உயிர்.

நான் மட்டும் விறைச்சுக்கொண்டு நிண்டன். ஒருநாள் நல்ல ஷெல்லடி. ஓய்ஞ்ச பிறகு அவ "யோகம்!" எண்டு கூப்பிட, நான் வேணுமெண்டு பேசாம இருந்தன். சொல்லாட்டி என்ன செய்யிறா பாப்பம் எண்டு. மாமி நித்திரையா மயக்கமா எண்டு தெரியாமல் கிடந்தவ. "யோகம்! யோகம்!" ரெண்டு தரம் கூப்பிட்டா. பிறகு சத்தமில்லை. நான் உள்ளுக்குச் சிரிச்சன் எண்டே வையுங்கோ. திடீரெண்டு பங்கர் வாசல் இருட்டிச்சுது. மனிசி வெட்டைவெளியால ஓடி வந்திருக்கிறா! வந்து விழவும் திருப்பி அடி தொடங்கவும் சரி. என்ர மேலயும் மாமியின்ர மேலயும் தன்ர உடம்பைப் போட்டுக்கொண்டு கிடந்தா. ஓய்ஞ்ச பிறகு என்ர கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, "நீ பதில் சொல்லேல்லை, நீ பதில் சொல்லேல்லை" எண்டு அழுதா. பிறகு ஸ்தோத்திரம் எண்டா. ஏச்சு ஒண்டும் இல்லை.

அவ ஏன் அப்பிடி ஓடி வந்தவ? அவவின்ர குணம் அப்பிடி, நான் என்ன செய்யிறது. ஆனா தங்கச்சி, எனக்கு விசுவாசம் வந்தது அண்டைக்குத்தான். புத்தகத்தில இருந்து வரேல்லை. இவர் போன நாளில இருந்து நான் இருந்தா என்ன செத்தா என்ன எண்டுதான் கிடந்தனான். என்ர ஒரு சொல்லுக் கேக்காம இருக்கேலாம ஒரு மனிசி ஷெல்லுக்குள்ளால ஓடி வந்தா. அவவுக்கே அப்பிடியெண்டா, அவ கும்பிடுற ஆளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சன். நல்லா அழுதன். அடுத்த தரம் அவ கூப்பிட முதலே "இருக்கிறன்!" எண்டு கத்தினன்.

அதுக்குப் பிறகு நானும் அவையின்ர பங்கரில போய் இருந்து செபிக்கத் தொடங்கினன். கஞ்சி கிடைச்சாலும் நன்றி, கிடைக்காட்டி அது கிடைக்கிற நாளுக்காக நன்றி. மாமி மறிக்கேல்லை. "எந்தச் சாமியெண்டாலும் என்ர பிள்ளையைக் கொண்டு வந்தாச் சரி" எண்டா.

பிரச்சினை ஞானஸ்நானத்தில வந்தது.

குகதாசண்ணையும் நேசமலரும் நானும் எடுக்க விரும்பினம். செத்தா அதோட சாகோணும் எண்டு எங்களுக்கு ஒரு அவதி. பாஸ்டர் சொன்னார், வெள்ளை உடுப்பு, நகை கழட்டோணும், பொட்டு அழிக்கோணும் எண்டு. வெள்ளையைப் பாஸ்டரம்மாவே வேண்டாம் எண்டிட்டா. வெள்ளையோட தண்ணிக்குள்ள இறங்கினா, ஆமியிட்டச் சரணடையப் போறம் எண்டுதான் ஆரும் நினைப்பினம் எண்டா. தாலியை நான் சட்டைக்குள்ள விட்டிட்டன். பாஸ்டர் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. பொட்டுத்தான் மிச்சம்.

மாமிக்குச் சொன்னன். மனிசி எழும்பிப் பங்கருக்குள்ள நிமிர ஏலாம நிமிந்தா. "அழிக்கப் போறியோ?"

"குளிச்சா அழியிறதுதானே மாமி."

"குளிச்சு அழியிறது வேற. அழிச்சுப்போட்டு வைக்காம விடுறது வேற. அதுக்குப் பேர் என்னெண்டு உனக்குத் தெரியும். எனக்கு அதைச் செய்தவை. இருக்கிறவனைக் கொல்லப் போறியோடி நீ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை மாமி, இது வேற சாமி."

"எந்தச் சாமிக்கெண்டாலும் நெத்தி ஒண்டுதான்" எண்டா. பிறகு அண்டு முழுக்க என்னோட கதைக்கேல்லை. எனக்கெண்டா ரெண்டு பக்கமும் நெருப்பு. ஆண்டவர் வேணும். இவரும் வேணும். பொட்டை அழிச்சு, அந்த நேரம் பாத்து இவருக்கு ஏதும் நடந்தா? அப்பிடி நடக்காது எண்டு புத்தி சொல்லுது, வயிறு கேக்குதில்லை.

விடியக் கருக்கலில வெளிக்கிட்டம். அந்த நேரம்தான் ரெண்டு பக்கமும் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். திரும்பிப் பாத்தா மாமியும் பின்னால வாறா. நில்லுங்கோ எண்டன், நிக்கேல்லை. சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தா.

நந்திக்கடல் கரையில தண்ணி முழங்கால் மட்டும்தான் தங்கச்சி. இடுப்பளவு வேணுமெண்டா தூரம் நடக்கோணும். நடந்தா இங்கால காவலில நிக்கிற இயக்கப் பொடியள், தப்பிப் போகுதுகள் எண்டு நினைப்பாங்கள். அங்கால ஆமி, பொடியள் வாறாங்கள் எண்டு நினைப்பான். பாஸ்டர் முதல்நாளே காவலில நிண்டவனிட்டச் சொல்லித்தான் வைச்சவர். காவல் மாறியிருந்தா ஆருக்குத் தெரியும். பாஸ்டர் அங்கால ஆழத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். பாஸ்டரம்மா, "வேண்டாம், இஞ்சயே இருந்துகொண்டு சரியட்டும். ஆண்டவர் ஆழம் அளக்கமாட்டார்" எண்டா.

முதல் குகதாசண்ணை. முழங்கால் தண்ணியில பிள்ளை மாதிரிச் சப்பாணி கட்டி இருந்தார். பாஸ்டர் தலையைப் பிடிச்சுச் சரிச்சு எடுத்தார். பிறகு நேசமலர். பிறகு நான். பாஸ்டர் என்ர நெத்தியைப் பாத்தார். பாஸ்டரம்மா கரையில இருந்து, "நேரம் போகுது, வெளிச்சம் வருது" எண்டா. அவர் என்ர தலையைப் பிடிச்சார்.

தண்ணிக்குள்ள போனன். உப்பும் சேறும். ஆனா தங்கச்சி, அதுக்குள்ள சத்தம் இல்லை. எத்தினை மாதத்துக்குப் பிறகு சத்தம் இல்லாத ஒரு இடம். அதுக்குள்ளயே இருந்திடலாம் போல கிடந்துது. ஆண்டவரே, நான் இருக்கிறன் எண்டு மனசுக்குள்ள சொன்னன்.

தலையைத் தூக்க, வெடிச்சூடு தொடங்கிட்டுது. எந்தப் பக்கம் முதல் எண்டு இண்டை வரைக்கும் எனக்குத் தெரியாது. தண்ணி எல்லாம் தெறிக்குது. பாஸ்டர் "படு, படு" எண்டு கத்துறார். தவண்டு கரைக்கு வந்து மணலில முகத்தைப் புதைச்சன். எல்லாரும் விழுந்து கிடக்கினம். ஒராள் மட்டும் நிமிந்து நடந்து வருது. மாமி! நெஞ்சுக்கு நேர சன்னம் பறக்குது, மனிசி சந்தைக்குப் போற மாதிரி வருது. "படுங்கோ மாமி!" எண்டு கத்தினன். வந்து எனக்குப் பக்கத்தில குந்தினா. டப்பியைத் திறந்தா. தொடமாட்டன் எண்டு இருவது வருசமாத் தொடாத விரலால குங்குமத்தைத் தொட்டு என்ர ஈர நெத்தியில வைச்சு அழுத்தினா.

அப்பத்தான் ஷெல் விழுந்தது, கிட்ட. மாமி எனக்கு மேல சரிஞ்சா. காதால இரத்தம். கண் முழிச்சுப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா. அண்டையில இருந்துதான் அவவுக்குக் காது இல்லை.

புகைக்குள்ளால, பின்னால இருந்து அந்தக் குரல் வந்துது. "குகதாசன்!" "இருக்கிறன்." "நேசமலர்!" "இருக்கிறன் அம்மா." "யோகம்!" "இருக்கிறன்!" "வள்ளிப்பிள்ளையம்மா!" மாமி என்ர வாயைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. "இருக்கிறா!" எண்டு நான் கத்தினன். ஸ்தோத்திரம் எண்டது பெலமில்லாமல் கேட்டுது.

அடுத்தது இவற்ற பேர். கடைசிப் பேர், எப்பவும் கூப்பிடுறவ. பாத்துக்கொண்டு கிடந்தன். வரேல்லை. எனக்குச் சரியான கோவம் வந்துது. எல்லாரையும் கூப்பிட்டுப்போட்டு என்ர மனிசனை மட்டும் ஏன் விட்டவ எண்டு கேக்கத் தலையை உயத்தினன்.

கரையில ஒருபக்கமாச் சரிஞ்சு கிடந்தா. ஒரு கை தண்ணிக்குள்ள. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இவ்வளவு நாளும் எங்கள் எல்லாரையும் கூப்பிட்ட மனிசியை ஒராள் எண்டாலும் கூப்பிட்டதில்லை. "தபித்தா அக்கா!" எண்டன். முதல்தரம் அந்தப் பேரைச் சொல்லுறன். "தபித்தா அக்கா! இருக்கிறியளோ?" பாஸ்டர் அவவின்ர தலையைத் தூக்கி மடியில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினார். இல்லையெண்டு.

நான் என்ன செய்தன் எண்டு நினைக்கிறியள்? அவ விட்ட இடத்தில இருந்து கூப்பிட்டன். "தவராசா!" எண்டன். என்ர புருசன்ர பேரை என்ர வாயால, எல்லாருக்கும் முன்னால. மாமி என்ர வாயையே பாத்துக்கொண்டு கிடந்தா. பதில் சொல்லேல்லை. காது கேக்கேல்லைத்தானே, எப்பிடிச் சொல்லுறது.

அண்டையில இருந்து அந்த வேலை என்ர. கடைசி நாள் வரைக்கும் பங்கர் பங்கராக் கூப்பிட்டனான். பிறகு முகாமில கூடாரம் கூடாரமா. பதில் வராத கூடாரத்துக்கு ஓடிப் போவன். மீளக்குடியேறி ஊருக்கு வந்த பிறகும் விடேல்லை. எங்கட ஊரில தனிய இருக்கிற மனிசியள் கன பேர் தங்கச்சி. பின்னேரத்தில ஒவ்வொரு வீட்டுப் படலையிலயும் நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடுவன். "இருக்கிறன்" எண்டு வந்தா ஒரு ஸ்தோத்திரம், அடுத்த படலை. நான் செத்துப்போகாமல் கிடந்ததுக்கு ஒரு காரணம் வேணுமே. ஆண்டவர் எனக்குத் தந்தது அதுதான். சின்ன வேலைதான். நன்றியாத்தான் செய்யிறன்.

பாஸ்டர் ஜெபநேசன் பொட்டைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை. அவர் இப்ப இந்தியாவில, மகளோட. இப்ப இருக்கிறவர் புதுப் பாஸ்டர், படிச்ச பொடியன். பொட்டை அழிச்சாத்தான் சபையில அப்பமும் ரசமும் குடுக்கிற இராப்போசனம் எண்டிட்டார். சரி எண்டிட்டன். அப்பத் தட்டு வரிசையில வரேக்க நான் எழும்பி வெளியில போய், எல்லாற்ற செருப்பையும் வடிவா அடுக்கி வைப்பன். எனக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லை. அவற்ற செருப்பை மட்டும் அடுக்குறேல்லை.

நான் அழிக்கமாட்டன் தங்கச்சி. எனக்காக இல்லை, மாமிக்காக. அவர் வருவார் எண்டு அந்த மனிசி நம்பிக்கொண்டிருக்கு. கண் மங்கி, கண்ணாடியில என்ர முகம் தெரியுதோ இல்லையோ, இண்டைக்குக் காலமையும் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. பொட்டில்லாத நெத்தியை அவ ஒருநாள் கண்டா, அண்டைக்கே போயிடுவா. அதால என்ர மனசில கிடக்கிறதை நான் காட்டிக்கொள்ளுறேல்லை.

வயசு போச்சுத் தங்கச்சி, அவவுக்கு இப்ப எல்லாம் குழம்புது. ஆடி அமாவாசைக்குச் செத்துப்போன மாமாவுக்குப் படைப்பா. காலமை இருந்து விரதம், தானே சமைப்பா, என்னை அடுப்படிக்குள்ள விடமாட்டா. வழக்கமா ஒரு இலைதான். ஊருக்கு வந்த வருசத்தில இருந்து ரெண்டு இலை போடுறா. மற்றது ஆருக்கு எண்டு கையால காட்டிக் கேட்டன். காகத்துக்கு எண்டா. காகத்துக்கு வெளிமுத்தத்தில வேற வைச்சிருந்தா. அந்த ரெண்டாவது இலையில பாவக்காய்ப் பொரியல் குவிச்சு வைப்பா. மாமா பாவக்காய் எண்டாலே எழும்பிப் போயிடுவாராம், அவவே எனக்குச் சொன்னவ. இவருக்குத்தான் பாவக்காய் உயிர். வயசுக்கு மறந்துபோய் வைக்கிறா எண்டு விட்டிடுறன்.

படைச்சதைச் சபைச் சனம் தின்னக்கூடாது. புதுப் பாஸ்டருக்குத் தெரிஞ்சா அதுக்கும் ஒரு பிரசங்கம் வைப்பார். மாமி கற்பூரம் அணைஞ்ச பிறகு அந்த ரெண்டாவது இலையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால வைப்பா. தான் சாப்பிடமாட்டா. நான் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிப்போட்டுத் தின்னுவன். நான் கடைசிப் பாவக்காய்த் துண்டை எடுக்குமட்டும் அவ பக்கத்தில இருந்து என்ர முதுகைத் தடவிக்கொண்டிருப்பா.